மலையேறிய சாதி

(செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு ஞாயிறு மாலை நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



நுவரெலியாவுக்குப் போயிட்டு வந்தியே, அதைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுன்னு கூப்பிட்டாங்க. நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பத்தியொரு வருஷம் லேத் ஓட்டினவன். மேடைப் பேச்சு எனக்கு வராது. பார்த்ததைச் சொல்றேன். பார்த்த பிறகு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சொல்றேன். எங்கேயாவது குரல் உயர்ந்தா மன்னிச்சுக்குங்க, மிஷின் சத்தத்தில் பேசிப் பழகின தொண்டை.

முதலில், ஏன் போனேன்? எங்க அம்மா பிறந்தது திருச்சி ஜில்லா துறையூர்ப் பக்கத்துச் சேரி. வாக்கப்பட்டுத்தான் இந்த ஏரிக்கரைக்கு வந்தது. அம்மா இறந்த பிறகு அதோட டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். ரெண்டு புடவை, ரேஷன் கார்டு, மஞ்சள் துணியில் சுத்தின மூணு கடுதாசி. மூணும் இலங்கைத் தபால்தலை ஒட்டினவை. அம்மாவோட அத்தை, எனக்கு ஆயா முறை, புருஷனோடு கண்டிச்சீமைக்குப் போனவள், யாரோ எழுதத் தெரிஞ்சவரை வைத்து எழுதி அனுப்பியது. கடைசிக் கடுதாசி 1971-ஆம் வருஷம். அதில் அனுப்பினவர் விலாசம் என்று ஒரு தோட்டத்துப் பேர், 'கீழ்ப் பிரிவு', நுவரெலியா, அவ்வளவுதான். வீட்டு நம்பர் இல்லை, தெரு இல்லை. அந்தத் தோட்டத்தின் பேரை இங்கே சொல்லப்போவதில்லை. அங்கே இன்னும் ஆட்கள் வேலை செய்கிறார்கள், என் பேச்சால் அவர்களுக்கு ஒரு தொந்தரவு வேண்டாம்.

2023-இல் மலையகத் தமிழர் இலங்கைக்குப் போய் 200 வருஷம் ஆனதை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஜனங்கள் நடந்தே போனார்கள். ஜூலை 28-இல் கிளம்பி ஆகஸ்ட் 12-இல் மாத்தளையில் முடித்தார்கள். பாட்டன் பூட்டன் நடந்த பாதையைப் பேரன் பேத்திகள் திரும்ப நடந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு அந்த மஞ்சள் துணி ஞாபகம் வந்தது. 2024 பிப்ரவரியில், வேலையை விட்டபோது வந்த காசில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் ரயில் ஏறினால் நானுஓயாவில் இறங்க வேண்டும். அங்கே ரயிலைக் 'கோச்சி' என்கிறார்கள். பேராதெனிய தாண்டினதும் வண்டி மலையைச் சுத்திச் சுத்தி ஏறுது. அட்டன் வந்ததும் ரெண்டு பக்கமும் தேயிலை. சீவிவிட்ட தலை மாதிரி அவ்வளவு ஒழுங்கு. எதிர் சீட்டில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஜன்னல் வழியே தலையை நீட்டி நீட்டிப் படம் எடுத்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் எடுத்தேன். அவ்வளவு அழகு. இந்த இருப்புப்பாதை 1885-இல் நானுஓயாவுக்கு வந்தது. சுற்றுலாப் பயணிக்காகப் போட்டதில்லை, தோட்டச் சரக்கைக் கொழும்புத் துறைமுகத்தில் சேர்க்கப் போட்டது.

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 1,868 மீட்டர். பக்கத்தில் நிற்கும் பிதுருதலாகல மலை 2,524 மீட்டர், இலங்கைத் தீவிலேயே உயரமானது. நம்ம ஊட்டியைவிடப் பட்டணம் கொஞ்சம் தாழ்வு, குளிர் அதே குளிர். 1840-களின் கடைசியில் சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரன் இங்கே ஓர் இங்கிலீஷ் கிராமத்தை உண்டாக்கணும்னு மாடு, விதை, ஆள் எல்லாம் சீமையிலிருந்து கப்பலில் கொண்டுவந்தான். 1873-இல் கவர்னர் கிரெகரி ஓர் ஏரி வெட்டவைத்தார், இன்னைக்கும் அவர் பேரில்தான் இருக்கு. குதிரைப் பந்தய மைதானம், துரைமார் கிளப், கூர்க்கூரையோடு செங்கல் நிறத்தில் தபாலாபீஸ் எல்லாம் இருக்கு. 'குட்டி இங்கிலாந்து' என்று வழிகாட்டிகள் பெருமையாகச் சொல்கிறார்கள். ஏப்ரல் மாசம் சீசன், அப்போ நிற்க இடம் கிடைக்காதாம்.

நான் அந்த ஏரிக்கரையில் உட்கார்ந்து யோசித்தேன். ஏரிக்கரை நமக்குப் புதுசா? செம்பரம்பாக்கத்தான் ஏரியைப் பார்த்தால் தண்ணீரைப் பார்க்க மாட்டான், கரையைப் பார்ப்பான். மண் சுமந்தது யார், மதகு திறந்தால் முதலில் முழுகுவது யார் வீடு என்று பார்ப்பான். கிரெகரி ஏரியில் மண் சுமந்தவனுக்கு ஒரு கல்லாவது இருக்குதான்னு தேடினேன். என் கண்ணில் படவில்லை.

இந்த இடத்தில் உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கும் இன்னொரு மலை நகரத்தைச் சொல்லணும். தென்னமெரிக்காவில், இன்றைய பொலிவியா நாட்டில், ஆண்டிஸ் மலைமேல் போத்தோசி என்று ஒரு பட்டணம். நாலாயிரம் மீட்டருக்கும் மேலே. 1545-இல் அங்கே ஒரு மலையில் வெள்ளி கிடைத்தது. ஸ்பெயின்காரன் அந்த மலைக்குப் 'பணக்கார மலை' என்று பேர் வைத்தான். 1570-களில் தொலேதோ என்ற வைசிராய் ஒரு சட்டம் போட்டான். சுற்றியுள்ள மலை மாகாணங்களிலிருந்து பழங்குடி ஆண்களில் ஏழு பேருக்கு ஒருவர் முறை வைத்துச் சுரங்க வேலைக்கு வர வேண்டும். 'மீத்தா' என்று அதுக்குப் பேர். அது இன்கா ராஜாக்கள் காலத்து ஊர்வேலை முறை. பழைய முறையின் பேரை எடுத்துக்கிட்டு, சுரங்கத்துக்கு ஆள் பிடிக்கிற முறையாக மாத்திட்டான். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. இன்றைக்குப் போத்தோசி ஐக்கிய நாடுகளின் உலக மரபுச் சின்னம். மாதா கோயில்கள், நாணயம் அடித்த மாளிகை எல்லாம் பார்க்கப் பயணிகள் வருகிறார்கள்.

இது எதுக்கு நமக்குன்னு கேட்பீங்க. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கல என்று ஓர் அழகான பூங்கா. 1861-இல் அதை ஆரம்பித்தது பூ வளர்க்க இல்லை. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினா மரத்தை வளர்க்க. அந்த மரத்தின் தாய்வீடு ஆண்டிஸ் மலை. பட்டணத்தைச் சுத்தி விளைகிற உருளைக்கிழங்குக்கும் பூர்வீகம் அதே மலைதான். ஒரு மலையில் மரத்தை எடுத்தான், இன்னொரு மலையில் நட்டான். ஆள் பிடிக்கும் வித்தையும் கூடவே வந்தது. அங்கே ஊர்வேலை முறையை எடுத்துக்கொண்டவன், இங்கே நம்ம ஊர்ச் சாதியையே எடுத்துக்கொண்டான். அதைத்தான் இன்றைக்கு விளக்கமாகச் சொல்லப்போறேன்.

முதலில் காப்பி. 1820-களிலேயே கம்பளைப் பக்கம் காப்பித் தோட்டம் வந்தது. மலையில் காட்டை வெட்ட ஆள் வேண்டும். சிங்களக் குடியானவன் தன் வயலை விட்டு வரத் தயாராக இல்லை. கடலுக்கு இந்தப் பக்கம் பஞ்சத்தில், பண்ணை அடிமைத்தனத்தில் கிடந்த சேரி ஜனங்கள் இருந்தார்கள். திருச்சி, தஞ்சாவூர், சேலம், ராமநாதபுரம், புதுக்கோட்டை, ஆற்காடு. தேயிலைத் தூருக்குள் தேங்காயும் மாசியும் தோண்டி எடுக்கலாம்னு ஆசை காட்டினார்கள் என்று மலையகத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடை. காலரா, மலேரியா, பட்டினி. ஆயிரக்கணக்கானவர்கள் வழியிலேயே விழுந்தார்கள். 1869-இல் காப்பிச் செடிக்கு இலை நோய் வந்து தோட்டமெல்லாம் அழிந்தது. அதற்கு ரெண்டு வருஷம் முன்பே, 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரா தோட்டத்தில் தேயிலை நட்டிருந்தார். காப்பி போய்த் தேயிலை வந்தது, சுமக்கிற முதுகு மட்டும் அதேதான்.

ஆளைப் பிடித்துக்கொண்டு போனது யார்? கங்காணி. கங்காணியைத் துரை சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. பெரிய கங்காணிகளில் பெரும்பாலோர் குடியானவர் என்று சொல்லிக்கொண்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர் ஊருக்கு வருவார், முன்பணம் கொடுப்பார், கடனைக் கொடுத்தே ஆளைக் கட்டுவார். அந்தக் கடன் கணக்கு ஒரு சீட்டில் ஏறும். அதுக்குப் பேர் 'துண்டு'. வேறு தோட்டம் போகணும்னா அந்தக் கடனை அடுத்த துரை கட்டி வாங்கிக்கணும். மாட்டுச் சந்தைதான், வேறென்ன? 1921-இல்தான் அதைச் சட்டப்படி ஒழித்தார்கள். கங்காணியின் ஆள் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு நின்றார்களோ, அத்தனை தலைக்கும் அவருக்குத் தலைக்காசு. 1901-இல் தகரச் சீட்டு முறை வந்தது. தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வட்டை ஆளோடு சேர்த்து அனுப்பினார்கள். மூட்டைக்கு முத்திரை குத்துகிற மாதிரி மனுஷனுக்கும் முத்திரை. ஊரில் ஆண்டைக்கும் பண்ணையாளுக்கும் இருந்த உறவைக் கழட்டிக் கப்பலில் ஏற்றி, அங்கே திரும்ப மாட்டிட்டான் வெள்ளைக்காரன். அவனுக்குக் காவல் செலவு மிச்சம்.

நம்மில் சிலர் சொல்வார்கள், 'சாதியெல்லாம் மலையேறிப் போச்சு தோழர், இன்னும் என்ன அதையே பேசிக்கிட்டு' என்று. இந்த முறை எனக்கு அதுக்குப் பதில் கிடைச்சிருக்கு. ஆமாம் ஐயா, மலையேறித்தான் போச்சு. ஆறாயிரம் அடி ஏறிப்போய் அங்கே லயம் கட்டிக் குடியிருக்கு. நான் பார்த்துட்டு வந்தேன்.

மறுநாள் காலை பஸ் பிடித்து, இறங்கி ரெண்டு மைல் நடந்து தோட்டத்துக்குப் போனேன். 'மலை' என்றால் அங்கே தேயிலை நிரை என்று அர்த்தம். "எந்த மலையில வேலை" என்று கேட்பார்கள். பெண்கள் இடுப்பில் படங்கைக் கட்டி, முதுகில் கூடை மாட்டிக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டம் சொல்கிற கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று 2015-இல் கேட்க ஆரம்பித்தார்கள். கிடைத்தது 2021-இல். நான் போனபோதும் அதே ஆயிரம்தான், அதற்குள் அரிசி, பருப்பு விலை எங்கேயோ போயிருந்தது.

லயம் என்றால் நீளமான ஒரே கட்டடம், ஒரே தகரக் கூரை, வரிசையாக அறைகள். ஓர் அறைக்குக் 'காம்பரா' என்று பேர், ஏறக்குறைய பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் மூணு தலைமுறை.

கடுதாசியைக் காட்டினேன். ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பையன் என்னைக் கீழ்ப் பிரிவில் ஒரு பாட்டியிடம் கூட்டிப்போனான். எழுபத்தெட்டு வயசு என்றாள். பஞ்சாய்ப் போன தலை, காதில் ஓட்டை மட்டும், தோடு இல்லை. நான் ஆயா பேரைச் சொன்னதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனியெல்லாம் கறுத்துக் காய்ச்சுப்போயிருந்தது.

"தம்பி, அவங்க எழுபத்துமூணுல கப்பல் ஏறிட்டாங்களே. ஒங்களுக்குத் தெரியாதா?"

தோழர்களே, எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. 1971 கடுதாசிக்கு எங்க வீட்டிலிருந்து பதில் போச்சா என்றுகூட எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் சட்டத்தைச் சொல்லணும். 1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே வருஷம் நவம்பரில் பிரஜாவுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றது. லயத்தில் பிறந்தவனிடம் என்ன காகிதம் இருக்கும்? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த வருஷம் ஓட்டும் போச்சு. யாழ்ப்பாணத் தமிழ்த் தலைமையில் ஒரு பகுதி அந்த அரசாங்கத்திலேயே மந்திரியாகச் சேர்ந்தது. அதை எதிர்த்துப் பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ரெண்டையும் நாம் ஞாபகம் வச்சுக்கணும்.

1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். பங்கு போடும்போது அந்த ஜனங்களை யாரும் கேட்கவில்லை. எஞ்சி நின்றவர்களுக்கு முழுசாகப் பிரஜாவுரிமை தரச் சட்டம் வந்தது 2003-இல்தான். 1948-க்கும் 2003-க்கும் நடுவில் ஐம்பத்தைந்து வருஷம்.

பாட்டி சொன்னாள்: "கோச்சி கெளம்புறப்ப பாதிப் பேரு உள்ள, பாதிப் பேரு வெளிய. அண்ணன் இந்தியா, தம்பி சிலோன். ஒப்பாரிதான் தம்பி. அழுகைக் கோச்சின்னே பேரு வெச்சோம். ஒங்க ஆயா ஒரு கூடையும் ஒரு அம்மியும் தூக்கிட்டுப் போனா. அம்மி எதுக்குடின்னேன். அங்க யாரு குடுப்பான்னா."

நான் கேட்டேன், இந்த லயத்தில் எந்தக் காம்பராவில் இருந்தார்கள் என்று. பாட்டி கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வை நமக்குத் தெரியும். 'நீ யாரு' என்று வாயால் கேட்காமல் கண்ணால் கேட்கிற பார்வை. நானே சொன்னேன், நான் சேரிப் பிள்ளைதான் பாட்டி என்று. அதுக்கப்புறம் கதவு திறந்த மாதிரி பேசினாள்.

"மேல இருக்குல்ல, அது குடியானவங்க லயம். நம்ம ஆளுங்களுக்குக் கீழ. பீலியும் ரெண்டு. மேல் பீலியில அவங்க புடிப்பாங்க, கழுவுவாங்க. அந்தத் தண்ணிதான் கீழ வரும். ஒங்க தாத்தா வெடியக்காலம் தப்படிப்பாரு. அந்தச் சத்தத்துக்குத்தான் தோட்டமே எந்திரிச்சுப் பெரட்டுக் களத்துக்கு வரும். ஆனா திருவிழாச் சாமி நம்ம லயத்துப் பக்கம் வராது."

பீலி என்றால் மலையிலிருந்து வரும் தண்ணீரைப் பிடிக்கிற குழாய். பெரட்டு என்றால் காலையில் ஆள் எடுக்கிறது. யோசிச்சுப் பாருங்க. ஊரில் சாவுக்கும் தண்டோராவுக்கும் அடித்த பறை, அங்கே ஆலைச் சங்கு மாதிரி வேலைக்கு அடிக்குது. ஊரில் கிணறு ரெண்டு, அங்கே பீலி ரெண்டு. துரைக்குச் சாதி கிடையாது, ஆனால் எந்த லயத்தில் யாரை வைக்கணும் என்ற கணக்கு இருந்தது.

"இப்பவும் அப்படியா பாட்டி?"

"இப்ப பீலி எல்லாருக்கும் ஒண்ணுதான். பிள்ளைங்க ஒண்ணாப் படிக்குதுங்க, ஒண்ணாத் திங்குதுங்க. கலியாணம்னு வந்தாத்தான் பெருசுங்க மேல கீழன்னு பேசும்." இதைச் சொல்லிட்டுச் சிரிச்சா. நம்ம ஊரிலும் இதே பதில்தானே?

இன்னொரு விஷயம், நமக்குள் பேசணும். நமக்குப் பௌத்தம் ஒரு விடுதலைப் பாதை. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் இலங்கைக்குப் போய்த்தான் பஞ்சசீலம் பெற்றார். பாபாசாகேப் 1950-இல் கண்டியில் நடந்த உலகப் பௌத்த மாநாட்டுக்குப் போனார். கண்டி இந்தத் தேயிலை மலைகளின் வாசல். அவர் அங்கே போவதற்கு ரெண்டு வருஷம் முன்புதான் நம்ம ஜனங்களின் பிரஜாவுரிமை பறிபோனது. பறித்த அரசு, புத்தரைப் போற்றுகிற நாட்டின் அரசு. புத்தர் சொன்ன சமத்துவத்தில் குறையில்லை. ஆனால் எந்தத் தர்மத்தையும் அரசு தன் கையில் எடுத்துப் பெரும்பான்மைக் கொடியாக்கினால், அடியில் கிடப்பவன் அடியிலேயே கிடப்பான். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

கிளம்பும்போது பாட்டியின் பேத்தி, பத்தாவது படிக்கிற பொண்ணு, வழிவிட வந்தாள். கெட்டிக்காரி. அவளுக்கு வருகிற கடுதாசியெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வருமாம். லயத்துக்கு நம்பர் கிடையாது. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்ட கடிதம் தேதி முடிந்த பிறகு கைக்கு வந்த அண்ணன்மார் கதையைச் சொன்னாள். இந்திய அரசின் உதவியில் சில தோட்டங்களில் தனி வீடு கட்டுகிறார்கள். முன்னாடி கட்டினவற்றில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம், நம்ம கணக்கில் நாலேகால் சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. அவர்கள் தோட்டத்துக்கு அது இன்னும் வரவில்லை. எல்லாம் சொல்லிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்:

"அங்கிள், ஒங்களுக்கு அங்க சொந்தக் காணி இருக்கா?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பஸ் வந்துட்டதுன்னு ஓடினேன். பஸ் வரவே இல்லை, தோழர்களே. அரை மணி நேரம் தனியாக நின்றேன்.

உங்களுக்குத் தெரியும், என் வீடு ஏரிப் புறம்போக்கு. நாற்பது வருஷமா இருக்கேன். கரண்ட் பில் இருக்கு, ஓட்டு இருக்கு, பட்டா இல்லை. மனு எழுதி எழுதி என் கையெழுத்தே திருந்திப்போச்சு. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப்பேர் கதை அதுதான். அங்கே 2014 அக்டோபரில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போச்சு. இங்கே 2015 டிசம்பரில் ஏரி நிரம்பி அடையாற்றில் வெள்ளம் போனபோது கரையோரக் குடிசைகள் போச்சு. மேட்டில் இடமில்லாதவன் சரிவில் குடியிருப்பான், அதுவும் இல்லாதவன் கரையில் குடியிருப்பான்.

இந்த மண்ணுக்கு ஒரு சரித்திரம் இருக்கு. அன்றைய செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராகப் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், 1891-இல் நம்ம ஜனங்களின் நிலையை நேரில் பார்த்து அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடப் பறையனுக்குச் சொந்தமில்லை, மிராசுதாரன் நினைத்தால் விரட்டலாம் என்ற நிலையை எழுதினார். அதை ஒட்டி 1892-இல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷம் விற்கக்கூடாது, அதன் பிறகும் நம்மவருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. அந்த நிலமெல்லாம் இப்போது யார் கையில் இருக்கு? காரணையில் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் போலீஸ் குண்டுக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள்.

மலையகத்திலும் அப்படி ஒரு பேர் இருக்கு. சிவனு லெட்சுமணன். தோட்டத் தொழிலாளி. நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்ட நிலத்தை வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்க அரசு முயன்றபோது தொழிலாளர்கள் எதிர்த்து நின்றார்கள். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் அவர் இறந்தார். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நின்ற கோவிந்தனையும் இப்படித்தான் சுட்டார்கள். கோவிந்தன் கூலிக்காக, சிவனு நிலத்துக்காக. இந்தப் பேர்களை நம்ம பிள்ளைகள் தெரிஞ்சுக்கணும். ஜான் தாமஸ், ஏழுமலை பேர்களை அந்தப் பிள்ளைகள் தெரிஞ்சுக்கணும். கடல் நடுவில் இருக்குதுன்னு நாம் வேறவேற ஜனம் ஆயிட மாட்டோம்.

கடைசியாக ஒன்று. கப்பல் ஏறின என் ஆயா எங்கே? திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் அந்த ஜனங்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அங்கேயும் லயம், அங்கேயும் கொழுந்து, வேலை ஓய்ந்ததும் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற பயம். இலங்கையில் அவர்களை 'இந்தியாக்காரன்' என்றார்கள். இங்கே வந்ததும் 'சிலோன்காரன்' என்றார்கள். கூடைகூட மாறவில்லை. ஆயா உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. அவள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருக்கலாம். ஐம்பது வருஷமா என் சொந்த ஜனம் இதே தமிழ்நாட்டில், ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் இருந்திருக்கு. நான் அதைத் தெரிந்துகொள்ளக் கடல் தாண்டிப் போக வேண்டியதாப் போச்சு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கு.

அதனால் ரெண்டு வேலை சொல்லிட்டு முடிக்கிறேன். முதலாவது, உங்க வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்க. மலேயா, பர்மா, நேட்டால், கண்டிச்சீமை என்று போனவர்கள் பேர், தோட்டத்துப் பேர், கடைசிக் கடுதாசி தேதி எது கிடைத்தாலும் எழுதி வையுங்க. நம்ம வட்டத்தில் ஒரு நோட்டுப் போடுவோம். ரெண்டாவது, நம்ம தெருவில் பட்டா இல்லாத வீடுகளை வீடு வீடாகக் கணக்கெடுத்து, பஞ்சமி நிலப் பதிவுகளையும் தேடி எடுத்து, ஒரே மனுவாகப் போடுவோம். தனித்தனி மனு போதும், இனி வேண்டாம். அந்தப் பொண்ணுக்கு நான் பதில் எழுதணும். பொய் எழுத முடியாது.

அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை ராத்திரி கோத்தகிரிக்குக் கிளம்புறேன். அந்த மூணு கடுதாசியும் எடுத்துட்டுப் போறேன். லயம் லயமாக் கேட்கணும், ஓர் ஆளால் ஆகாது. யார் வர்றீங்க? பஸ் செலவு அவரவருது, சாப்பாடு என் பொறுப்பு. கூட்டம் முடிஞ்சதும் பேர் கொடுங்க.

ஜெய்பீம்.